பிரைட் ஏஞ்சல் பாதையும் 1928ஆம் வருடமும்

2022 நவம்பரில் அமெரிக்காவின் புவியியல் பெயர்கள் வாரியம் ஒருமனதாக ஒரு முடிவு எடுத்தது. அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் பாதி ஆழத்தில் ஒரு சின்னஞ்சிறு பசுந்திட்டு இருக்கிறது. வரைபடங்களில் நெடுங்காலமாக 'இந்தியன் கார்டன்' என்று இருந்த அந்த இடத்தின் பெயர் இனி 'ஹவசுபாய் கார்டன்ஸ்'. அடுத்த வருடம் மே மாதம் பழங்குடி மக்கள் வந்து விழா எடுத்தார்கள். பலகைகள் மாறின.

பெயர்ப்பலகை மாறியதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். அந்த இடத்துக்கு நடந்து போய் வந்தபிறகு அதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1928 என்ற ஒரே வருடத்துக்குள் அந்தப் பள்ளத்தாக்கில் மூன்று காரியங்கள் நடந்திருக்கின்றன. தனித்தனியாகப் படித்தால் மூன்றும் சாதாரணச் செய்திகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கொலராடோ ஆறு குடைந்த இந்தப் பள்ளத்தாக்கின் நீளம் ஆற்றின் வழியே 446 கி.மீ. சில இடங்களில் அகலம் 29 கி.மீ. ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். விளிம்பில் நாம் நிற்கும் சுண்ணாம்புப் பாறைக்கு வயது சுமார் 27 கோடி வருடம். அடியில் ஆற்றை ஒட்டிய கருத்த பாறைக்கு 170 கோடிக்கும் மேல். வருடத்துக்கு நாற்பது ஐம்பது லட்சம் பேர் வருகிறார்கள். பெரும்பாலோர் தென் விளிம்பில் காரை நிறுத்தி, கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த எட்டிப் பார்ப்பதற்கே வந்த செலவு தகும்.

நாங்கள் மூன்று பேர். ஃபீனிக்ஸிலிருந்து காரில் கிளம்பினால் நாலு மணி நேரத்துக்குள் தென் விளிம்பு. அக்டோபர் கடைசி வாரம், அதிகாலையில் பல் கிட்டித்துப்போகும் குளிர். பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கி, ஏழு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அந்தத் தோட்டம் வரை போய்த் திரும்புவது என்று திட்டம். ஆறு வரை போய் ஒரே நாளில் திரும்ப முயலாதீர்கள் என்று பாதையின் தலைமாட்டிலேயே எச்சரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். மலையேற்றத்தில் முதலில் ஏறி, களைத்தபிறகு இறங்குவோம். இங்கே எல்லாம் தலைகீழ். குஷியாக இறங்கிவிடலாம். மூச்சு வாங்கும் வேலை முழுக்கத் திரும்பும் வழியில். இறங்கிய நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

விளிம்பிலிருந்து பார்த்தால் அந்தச் செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே மனிதன் இறங்க வழியே இருக்காது என்றுதான் தோன்றும். 1540ல் வந்த ஸ்பானியர்களுக்கும் அப்படியே தோன்றியிருக்கிறது. கார்சியா லோபெஸ் தெ கார்தெனாஸ் என்ற படைத்தலைவரை ஹோப்பி இனத்து வழிகாட்டிகள் விளிம்புக்குக் கூட்டிவந்தார்கள். மூன்று நாள் அங்கேயே சுற்றி வழி தேடினார்கள். மூன்று வீரர்கள் இறங்கிப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கு தூரம்கூடத் தாண்டாமல் திரும்பிவிட்டார்கள். மேலிருந்து ஆள் உயரம்தான் இருக்கும் என்று தோன்றிய பாறைகள் பக்கத்தில் போனால் கோபுர உயரம் என்றார்களாம். இதில் வேடிக்கை, ஆற்றுக்கு இறங்கும் வழிகள் ஹோப்பிகளுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்!

வழி இருப்பதற்குக் காரணம் நிலவியல். பிரைட் ஏஞ்சல் பிளவு என்று ஒன்று பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பிளவின் இருபுறமும் பாறை அடுக்குகள் மேலும் கீழுமாக நகர்ந்து நொறுங்கியதால், செங்குத்துச் சுவர்களில் சரிவுகள் உண்டாயின. 'ரெட்வால்' என்ற நூற்றைம்பது மீட்டர் உயரச் சிவந்த சுவர் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் யாரையும் இறங்க விடாது. இங்கே மட்டும் அது உடைந்து வழிவிடுகிறது. அதே பிளவின் வழியாகத் தண்ணீரும் கசிந்து கீழே ஊற்றாக வருகிறது. பாதையும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைத்தால் பாலைவனத்தில் என்ன நடக்கும்? மனிதர்கள் குடியிருப்பார்கள்.

அப்படிக் குடியிருந்தவர்கள் ஹவசுபாய் மக்கள். நீலப்பச்சைத் தண்ணீரின் மக்கள் என்று பெயருக்குப் பொருள். பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கக் கிளையான ஹவசு கேன்யனில் ஓடும் ஓடை உண்மையிலேயே அந்த நிறம்தான். அவர்கள் வாழ்க்கை இரண்டு தளங்களில் நடந்தது. கோடையில் பள்ளத்தாக்குக்குள் ஊற்றுக்கரைகளில் சோளம், பீன்ஸ், பூசணி பயிரிடுவார்கள். பிற்பாடு பீச் மரங்களும் வைத்தார்கள். அறுவடை முடிந்ததும் மேலே பீடபூமிக்கு ஏறிவிடுவார்கள். குளிர்காலம் முழுதும் அங்கே வேட்டை, பினியன் கொட்டை சேகரிப்பு, விறகு. இந்தத் தோட்டமும் அவர்களின் கோடைக் கழனிகளில் ஒன்று. அவர்கள் மொழியில் அதற்கு ஹாஆ கியோ என்று பெயர். நாம் இன்று கம்பீரமாக பிரைட் ஏஞ்சல் பாதை என்று சொல்வது கழனிக்கும் குளிர்கால வீட்டுக்கும் இடையே அவர்கள் போய்வந்த வழி.

'பிரைட் ஏஞ்சல்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அது 1869ல் வந்தது. உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்த மேஜர் ஜான் வெஸ்லி பவல், ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு நாலு படகுகளில் கொலராடோ ஆற்றில் இறங்கினார். மூன்று மாதம் கழித்து வெளியே வந்தது ஆறு பேர், இரண்டு படகு. வழியில் சேறாகக் கலந்த ஓர் உபநதிக்கு 'அழுக்குப் பிசாசு' என்று பெயர் வைத்தவர்கள், பிறகு பளிங்குபோல வந்த ஓர் ஓடைக்கு ஈடுகட்டுவதுபோல 'ஒளிரும் தேவதை' என்று வைத்தார்கள். அந்தப் பயணம் தனிக் கட்டுரைக்குரிய விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன். நமக்கு வேண்டியது, பெயர் வைப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்பதுதான். அவர்கள் பின்னாலேயே அளப்பவர்களும் வந்தார்கள்.

1880ல் அரசாங்கம் ஹவசுபாய் மக்களுக்கென்று ஒரு நிலத்தை ஒதுக்கியது. 1882ல் அதையும் சுருக்கி 518 ஏக்கர் ஆக்கியது. ஹவசு கேன்யனின் அடித்தரை மட்டும், பீடபூமி முழுதும் போயிற்று. அவர்களின் வருடத்தில் கோடையை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குளிர்காலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொன்னால் தப்பில்லை. 1893ல் கேன்யனைச் சுற்றிய நிலம் காப்புக்காடு ஆனது. ஆனாலும் சில குடும்பங்கள் தங்கள் பழைய இடங்களை விடவில்லை. இந்தத் தோட்டத்திலும் இருந்தார்கள்.

இப்போது கதையில் ரால்ஃப் கேமரன் வருகிறார். 1890ல் சுரங்க வேட்டைக்கு வந்த கூட்டத்தில் ஒருவர். கூட்டாளிகளோடு சேர்ந்து ஹவசுபாய் பாதையை வெட்டிச் சீராக்கி, சுங்கப் பாதையாகப் பதிவு செய்துகொண்டார்கள். தாமிரம் பெரிதாகக் கிடைக்கவில்லை. ஆனால் 1901 செப்டம்பரில் வில்லியம்ஸ் ஊரிலிருந்து சாண்டா ஃபே ரயில் தென் விளிம்புவரை வந்துவிட்டது. 1905ல் எல் டொவார் என்ற பெரிய ஓட்டல். சுற்றுலாக் கூட்டம் வந்து குவிந்தது. உண்மையான சுரங்கம் எது என்று கேமரனுக்குப் புரிந்துவிட்டது. பாதையில் இறங்க ஆளுக்கு ஒரு டாலர்! கூடவே பாதையின் தலைமாட்டிலும் தோட்டத்திலும் முக்கியமான இடங்களை எல்லாம் 'சுரங்க உரிமை' என்று எழுதிப் பதிந்து வைத்துக்கொண்டார்.

இந்த மனிதரை அப்புறப்படுத்த ரயில் கம்பெனியும் மத்திய அரசாங்கமும் பட்ட பாடு இருக்கிறதே, அது ஒரு நாவல். 1908ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கிராண்ட் கேன்யனைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். கேமரன் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1920ல் அவருக்கு எதிராகத் தீர்ப்பானது. அதற்குள் 1919ல் கேன்யன் தேசியப் பூங்காவாகியும் விட்டது. தோற்றவர் ஓய்ந்தாரா என்றால் இல்லை. 1921ல் அரிசோனாவின் செனட்டராகி வாஷிங்டனுக்கே போய், அங்கே உட்கார்ந்து பூங்காவுக்கு வரும் நிதியில் கைவைத்தார். பாதை அப்போது கொகொனினோ கவுண்டி வசம். அதை 1 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொள்ளப் பூங்கா துறை தயாராக இருந்தும், 1924ல் கவுண்டி மக்கள் ஓட்டுப்போட்டு மறுத்துவிட்டார்கள். வெறுத்துப்போன பூங்கா துறை சுங்கமே இல்லாத வேறு பாதையைப் பக்கத்து மலைமுதுகில் புதிதாக வெட்டிக்கொண்டது. அதுதான் சவுத் கைபாப் பாதை. கடைசியில், பூங்காவுக்கு ஒரு நல்ல சாலை போட்டுத் தருகிறோம் என்று பேரம் பேசி, கவுண்டியிடமிருந்து பிரைட் ஏஞ்சல் பாதையை வாங்கினார்கள். வருடம் 1928.

இது முதல் சம்பவம்.

இரண்டாவது, பாலம். கேன்யனின் தென்கரையையும் வடகரையையும் இணைக்கக் கொலராடோவின் மேல் உறுதியான தொங்குபாலம் ஒன்று கட்ட முடிவானது. மரம், ஆணி, சிமெண்ட் எல்லாம் கோவேறு கழுதைகள் மேல் இறங்கிவிட்டன. ஆனால் பாலத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளை என்ன செய்வது? ஒரு கம்பியின் நீளம் ஏறத்தாழ 550 அடி. எடை சுமார் ஆயிரம் கிலோ. அப்படி எட்டுக் கம்பிகள். துண்டு போட முடியாது, போட்டால் பாலம் ஏது! கழுதைகளை வரிசையாகக் கட்டி ஏற்றலாம் என்றால், ஒன்று மிரண்டால் அத்தனையும் பள்ளத்தில்.

ஆகவே மனிதர்கள். 42 ஆண்கள், பெரும்பாலோர் ஹவசுபாய்கள், வரிசையில் நின்று ஒரு கம்பியைத் தோளில் தூக்கினார்கள். சவுத் கைபாப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பாம்பு ஊர்வதுபோல இறங்கினார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஆளுக்கு 24 கிலோ வருகிறது. கேட்கும்போது அதிகமில்லை. ஆனால் வளைவுகளில் முன்னால் போகிறவன் கீழே இறங்கிவிட, பின்னால் வருபவன் இன்னும் மேலே நிற்க, நடுவில் இருப்பவன் தோளில் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதுகில் ஒரு சின்னப் பையும் இரண்டு பாட்டில் தண்ணீருமாக இறங்கிய எங்களுக்கே மறுநாள் முழங்கால் மடங்கவில்லை. பத்து கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் இறக்கம், இப்படி எட்டுக் கம்பி. கைபாப் தொங்குபாலம் கட்டி முடித்தார்கள். வருடம் 1928.

மூன்றாவது சம்பவத்துக்கு அவ்வளவு விவரம் கிடைப்பதில்லை. பூங்காவின் வரலாற்றில் அதற்கு நெடுநாள் இடமே இருக்கவில்லை. தோட்டத்தில் கடைசிவரை குடியிருந்த ஹவசுபாய் ஒருவரை வெள்ளைக்காரர்கள் 'கேப்டன் பர்ரோ' என்று அழைத்தார்கள். ('பர்ரோ' என்றால் ஸ்பானிய மொழியில் கழுதை. பெயர் வைத்த லட்சணம் பாருங்கள்.) அவரைப் பூங்கா நிர்வாகம் கட்டாயமாக வெளியேற்றியது. பல தலைமுறைகள் பயிர்செய்த இடத்தில் அதன்பின் ஹவசுபாய் யாரும் குடியில்லை. அதுவும் 1928.

ஆக ஒரே வருடத்தில், பாதையைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசிய கவுண்டிக்குச் சாலை கிடைத்தது. பாலத்துக்குக் கம்பி சுமக்க ஹவசுபாய்கள் வேண்டியிருந்தார்கள். தோட்டத்தில் பயிர்செய்ய ஹவசுபாய் வேண்டாதவரானார். கேமரனை அகற்ற நீதிமன்றம், ஓட்டெடுப்பு, மாற்றுப்பாதை என்று பூங்காவுக்கு எத்தனையோ வருடம் பிடித்தது. கேப்டன் பர்ரோவை அகற்ற உச்ச நீதிமன்றம் தேவைப்படவில்லை.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. விளிம்பில் தண்ணீர் கிடையாது. ஓட்டல்களுக்கும் ரயில் எஞ்சின்களுக்கும் வேண்டிய தண்ணீரை ரயிலிலேயே தொட்டி தொட்டியாகக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். 1932ல் அதற்கு விடிவு வந்தது. தோட்டத்தின் ஊற்றிலேயே பம்பு வைத்து, தண்ணீரைச் செங்குத்தாக மேலே ஏற்றினார்கள். சோளத்துக்குப் பாய்ந்த ஊற்று ஓட்டல் குழாய்களுக்குப் பாய்ந்தது. பின்னாளில், வடபுறத்து ஊற்று ஒன்றிலிருந்து கேன்யனைக் கடந்து வரும் நீண்ட குழாய் போட்டார்கள். பம்பு நிலையம் மட்டும் அங்கேயே இருக்கிறது. நடந்து போகும்போது அதன் இரைச்சல் என்னவோ போல இருந்தது.

பூங்கா என்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. பூங்கா வராமலிருந்தால் அந்த விளிம்பு முழுக்க கேமரன்கள் கடை விரித்திருப்பார்கள். 1960களில் இதே ஆற்றில் இரண்டு அணைகள் கட்ட வேலை நடந்தது, நாடு முழுதும் எதிர்ப்பு எழுந்து நிறுத்தினார்கள். அதெல்லாம் நல்லதுதான். எனக்கு ஒப்பாதது, 'மனிதன் கைபடாத இயற்கை' என்ற பேச்சு. கைபடாததாக அது இருக்கவில்லை. கைகளை அகற்றியபிறகு அப்படி ஆக்கப்பட்டது. தென் விளிம்பிலேயே கிழக்காகக் காரில் போனால் டுசாயான் என்ற இடிபாடு இருக்கிறது. 1185 வாக்கில் ஒரு சிறு கூட்டம் கல்வீடு கட்டிச் சுமார் இருபது வருடம் வாழ்ந்த இடம். பார்க்கிங்கில் இறங்கி இரண்டு நிமிடம் நடந்தால் போதும். நாங்கள் போனபோது வேறு ஒருவர்கூட அங்கே இல்லை. அதைத் தாண்டி இருக்கும் 'டெசர்ட் வியூ' கோபுரத்தில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கோபுரத்தை மேரி கோல்ட்டர் என்ற கட்டடக் கலைஞர் 1932ல் கட்டி முடித்தார். உள்ளே ஃப்ரெட் கபோட்டி என்ற ஹோப்பி ஓவியர் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. கூட்டத்தில் முண்டியடித்தாவது பாருங்கள்.

ஹவசுபாய்கள் சும்மா இருந்துவிடவில்லை. 518 ஏக்கருக்குள் முடங்கியபடியே பல பத்தாண்டுகள் மனுப்போட்டார்கள். பீடபூமி நிலத்தைத் திருப்பித் தரும் சட்டம் வந்தபோது, சியர்ரா கிளப் போன்ற சுற்றுச்சூழல் அமைப்புகளே அதை எதிர்த்தன. பூங்கா நிலத்தைப் பழங்குடிகளிடம் கொடுத்தால் கெட்டுவிடுமாம்! 1975 ஜனவரியில் ஜனாதிபதி ஃபோர்ட் கையெழுத்திட்டார். 1 லட்சத்து 85 ஆயிரம் ஏக்கர் திரும்பக் கிடைத்தது. பூங்காவுக்குள் மேலும் 95 ஆயிரம் ஏக்கருக்கு மேல் அவர்களின் வழக்கமான பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டது. பிரைட் ஏஞ்சல் தோட்டம் அதில் சேரவில்லை. அதற்குக் கிடைத்தது 47 வருடம் கழித்து ஒரு பெயர்.

அவர்கள் தலைநகரான சுபாய் கிராமத்துக்கு இன்றும் சாலை கிடையாது. ஹுவாலபாய் ஹில்டாப் என்ற இடத்தில் காரை விட்டு 13 கிலோமீட்டர் இறங்கவேண்டும். தபால்கூடக் கோவேறு கழுதை மேல்தான் போகிறது. நீலப்பச்சை அருவிகளைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். பழங்குடிச் சபையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும், கட்டணமும் கணிசமானது. கட்டணம் அதிகம் என்று குறைப்படுபவர்களை நிறையப் பார்க்கிறேன். 518 ஏக்கர் கணக்கை அவர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றும்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பாறையைக் குடைந்த முதல் சுரங்கவழி வரும். அங்கே எல்லோரும் பள்ளத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் நின்று தலைக்கு மேலே பாறைமுகத்தைத் தேடுங்கள். செங்காவி நிறத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன, மான் போன்ற உருவங்கள் தெரியும். வெயில் ஏறுவதற்கு முன் போனால் நன்றாகத் தெரியும்.